செராத்திங்கில் சர்ஃபிங் போகிறீர்களா? கடல் எவ்வளவு குளிரும், வெட்சூட் தேவையா?

நவம்பர் பிறந்தாலே கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்து ஒரு கூட்டம் காரில் பலகையைக் கட்டிக்கொண்டு கிழக்குக்கரை நெடுஞ்சாலையைப் பிடிக்கிறது. போகும் இடம், பகாங் மாநிலத்தில் குவாந்தானுக்கு வடக்கே உள்ள செராத்திங். இன்னும் சிலர் ஜொகூரின் தெசாருவுக்குப் போகிறார்கள். முதல் தடவை போகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வெட்சூட் வாங்கணுமா?"

பதில் எளிது. மலேசியாவில் குளிருக்காக வெட்சூட் தேவையில்லை. ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. இங்கே அலை நன்றாக இருக்கும் அதே மாதங்களில்தான் கடல் ஆபத்தாகவும் இருக்கிறது. இங்கே பழகிவிட்டு, படிக்கவோ வேலைக்கோ பெர்த், மெல்பர்ன், இங்கிலாந்து என்று போகிறவர்களுக்குத் தண்ணீரின் குளிரே ஆபத்தாக முடியலாம். இரண்டையும் புரிந்துகொள்ள கடலின் பருவங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சுருக்கமாக:

- மலேசியக் கடலின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 26 முதல் 30 டிகிரி செல்சியஸ்.
- கிழக்குக்கரையில் சர்ஃபிங் பருவம் நவம்பர் முதல் மார்ச் வரை. கடல் கொஞ்சம் குளிர்வதும் அப்போதுதான்.
- இங்கே வேண்டியது நீளக்கை ரேஷ் வெஸ்ட். காரணம் குளிர் அல்ல, வெயில்.
- வெட்சூட்டின் தடிமனைத் தீர்மானிப்பது நீங்கள் போகும் ஊரும் மாதமும்தான்.
- எந்த உடையாக இருந்தாலும் அது உயிர்காப்பு ஜாக்கெட் ஆகாது.

கிள்ளானில் கடல் இருக்கிறது, அலை ஏன் இல்லை?

கிள்ளானில் இருந்து கேரித் தீவு, மோரிப் எல்லாம் பக்கம்தான். அப்படியிருக்க சர்ஃப் பண்ண 3 மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிக் கிழக்குக்கரைக்கு ஏன் போக வேண்டும்?

அலை உருவாக மூன்று விஷயங்கள் வேண்டும்: பலமான காற்று, அது விடாமல் வீசும் நேரம், தடையில்லாமல் வீசுவதற்கு நீண்ட திறந்த கடல். மலாக்கா நீரிணைக்கு மூன்றாவது கிடையாது. ஒரு பக்கம் தீபகற்பம், மறுபக்கம் சுமத்ரா. இந்தியப் பெருங்கடலில் இருந்து வரும் பெரிய அலைகளை சுமத்ரா சுவர் மாதிரி தடுத்துவிடுகிறது. அமைதியான, ஆழம் குறைந்த நீர் என்பதால்தான் கிள்ளான் கரையோரம் சேறும் சதுப்புநிலக் காடுமாக இருக்கிறது.

கிழக்குக்கரையின் நிலைமை வேறு. தென்சீனக் கடல் அகலமாகத் திறந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், பொதுவாக நவம்பரில் இருந்து மார்ச் வரை, வடக்கில் இருந்து வரும் காற்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடலைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்த அலைகள்தான் செராத்திங், தெசாரு, தியோமான் தீவின் ஜுவாரா ஆகிய கரைகளில் வந்து உடைகின்றன. ஜூன், ஜூலையில் அங்கே போனால் கடல் பெரும்பாலும் குளம் மாதிரி இருக்கும்.

எந்த மாதத்தில் எவ்வளவு சூடு?

காலண்டர் நம் வீட்டிலேயே இருக்கிறது. தீபாவளி முடிந்து சில வாரங்களில் பருவம் தொடங்குகிறது, தைப்பூசம் தாண்டியும் ஓடுகிறது. தைப்பூசத்தை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரிதான் கிழக்குக்கரைக் கடல் மிகவும் குளிர்ந்திருக்கும் நேரம். அப்போது ஏறக்குறைய 26 முதல் 27 டிகிரி. மே, ஜூனில் 29 முதல் 30 டிகிரி வரை ஏறும். ஆண்டு முழுவதற்குமான வித்தியாசமே 3 அல்லது 4 டிகிரிதான்.

அந்தக் குறைவு எதனால்? முதல் காரணம், மேகமும் மழையும் வெயிலை மறைக்கின்றன. இரண்டாவது, பலமான காற்று கடலின் மேற்பரப்பைக் கலக்கி அதன் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது, பருவக்காற்று வடக்கில் இருந்து குளிர்ந்த நீரை வியட்நாம் கரையோரமாகத் தெற்கே இழுத்து வருகிறது. செயற்கைக்கோள் வெப்பநிலைப் படத்தில் இது தெற்கு நோக்கி நீளும் ஒரு நாக்கு மாதிரி தெரியும்.

27 டிகிரியில் குளிருமா?

27 டிகிரி காற்று என்றால் நாம் மின்விசிறியைப் போடுவோம். 27 டிகிரி தண்ணீர் அப்படி அல்ல. உடலின் வெப்பம் சுமார் 37 டிகிரி. காற்றைவிடத் தண்ணீர் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திச் செல்லும். அதனால் முதல் ஒரு மணி நேரம் சுகமாக இருந்தாலும், இரண்டாவது மணி நேரத்தில் மழையும் காற்றும் சேர்ந்தால் உடம்பு நடுங்கலாம். ஒல்லியானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது சீக்கிரமே வரும்.

இதற்கு நியோபிரீன் வெட்சூட் தேவையில்லை. நீளக்கை ரேஷ் வெஸ்ட் போதும். குளிர் தாங்காதவர்கள் 1 மில்லிமீட்டர் மேலாடை போட்டுக்கொள்ளலாம். நடுக்கம் வந்தால் கரையேறி, துடைத்து, காய்ந்த சட்டைக்கு மாறி ஒரு தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பப் போங்கள். நடுங்கும் கையால் பலகையைச் சரியாகப் பிடிக்க முடியாது.

குளிருக்கு இல்லையென்றால் ரேஷ் வெஸ்ட் எதற்கு?

முதலாவது, வெயில். செராத்திங் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 4 டிகிரியில் இருக்கிறது. இந்தப் பகுதியில் நண்பகல் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். உலக அளவுகோலில் அது "மிக மிக அதிகம்" என்ற கடைசிப் படி. பலகையில் குப்புறப் படுத்துத் துடுப்புப் போடும்போது முதுகு முழுவதும் வெயிலுக்குத்தான். நம் தோல் கறுப்பு, எரியாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். கருமையான தோலும் எரியும், மெதுவாக எரிவதால் தெரிவதில்லை, அவ்வளவுதான். யுபிஎஃப் 50 என்று அச்சிட்ட துணி, தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 50-ல் ஒரு பங்கை, அதாவது 2 விழுக்காட்டை மட்டுமே உள்ளே விடும்.

இரண்டாவது, உராய்வு. பலகையின் மெழுகும் மணலும் சேர்ந்து வயிறு, மார்பு, அக்குள் எல்லாவற்றையும் தேய்த்துவிடும். அந்தத் தடிப்பில் உப்புத்தண்ணீர் பட்டால் எரிச்சலைச் சொல்லி முடியாது.

மூன்றாவது, ஜெல்லிமீன். மலேசியக் கடலில் பாக்ஸ் ஜெல்லிமீன் உண்டு, அது கொட்டி உயிரிழப்பு நேர்ந்ததும் உண்டு. உடலை மூடிய மெல்லிய துணியே பெரிய தடுப்பு. கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், குழாய்த் தண்ணீரால் கழுவாதீர்கள். கரையேறி, கொட்டிய இடத்தில் வினிகர் ஊற்றி, 999-ஐ அழையுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம்: பருத்தி டீ-சர்ட்டும் ஜீன்ஸும் கடலுக்கான உடை அல்ல. ஊறினால் கனக்கும், கீழே இழுக்கும், உடம்பிலும் ஒட்டாது. உடலை முழுவதும் மூட விரும்பும் பெண்களுக்கு நீளக்கை ரேஷ் வெஸ்ட்டும் நீச்சல் லெகிங்ஸும் நன்றாகப் பொருந்தும். மலேசியக் கடைகளில் இவை எளிதாகவே கிடைக்கின்றன.

வெட்சூட் எப்படி வேலை செய்கிறது?

வெட்சூட் நம்மை நனையாமல் காக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பெயரே ஈர உடை என்றுதான் சொல்கிறது. உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும். அந்த மெல்லிய நீர்ப்படலம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். ஆனால் முக்கியமான வேலையைச் செய்வது துணிதான். நியோபிரீன் என்பது செயற்கை ரப்பர் நுரை. அதற்குள் அடைபட்டிருக்கும் சின்னச் சின்ன வாயுக்குமிழ்கள் உடலின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் தடுக்கின்றன.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர், முக்குளிப்பவர்களுக்காக இந்த யோசனையைக் கொண்டுவந்தார். 1952-ல் சான் பிரான்சிஸ்கோவில் கடை திறந்த ஜாக் ஓ'நீல் அதைச் சர்ஃபர்களிடம் கொண்டுபோனார். இருவரும் பசிபிக் கடலின் குளிர்ந்த கரையைச் சேர்ந்தவர்கள். வெட்சூட் பிறந்த ஊரே அதன் தேவையைச் சொல்லிவிடுகிறது.

கடையில் 3/2, 4/3, 5/4 என்று எண்களைப் பார்ப்பீர்கள். அவை மில்லிமீட்டர் கணக்கு. பெரிய எண் மார்பு, முதுகுப் பகுதியின் தடிமன். சின்ன எண் கை, கால்களுக்கு. உடலின் மையத்தைச் சூடாக வைத்துக்கொண்டு, துடுப்புப் போடும் கை எளிதாக அசையும்படி செய்வதுதான் நோக்கம்.

எந்த வெப்பநிலைக்கு எந்த உடை?

பொதுவான வழிகாட்டி இது. குளிர் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். நாம் வெப்பநாட்டு உடம்புக்காரர்கள், எனவே சந்தேகம் இருந்தால் ஒரு படி தடிமனானதை எடுங்கள்.

- 24 டிகிரிக்கு மேல்: ரேஷ் வெஸ்ட், நீச்சல் உடை.
- 20 முதல் 24 வரை: 2 மில்லிமீட்டர் குட்டை வெட்சூட்.
- 17 முதல் 20 வரை: 3/2 முழு வெட்சூட்.
- 13 முதல் 17 வரை: 4/3 முழு வெட்சூட், காலுறை.
- 12-க்குக் கீழே: 5/4, அதோடு காலுறை, கையுறை, தலையுறை.

இனி ஊர்களைப் பார்ப்போம். ஆண்டின் மிகக் குளிர்ந்த, மிக வெதுவெதுப்பான மாதங்களின் சராசரி, ஏறக்குறைய:

- செராத்திங், தெசாரு: 26 முதல் 30.
- தமிழ்நாட்டின் கோவளம், மகாபலிபுரம்: 26 முதல் 30.
- இலங்கையின் அருகம்பே: 27 முதல் 30.
- பாலி: 26 முதல் 29.
- தென்னாப்பிரிக்காவின் டர்பன்: 21 முதல் 26.
- சிட்னி: 18 முதல் 24.
- பெர்த்: 19 முதல் 23.
- மெல்பர்னுக்கு அருகே டோர்க்கி: 13 முதல் 19.
- இங்கிலாந்தின் நியூகீ: 9 முதல் 17.

இலங்கைக்குப் போவதானால் மாதத்தைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள். பொத்துவில்லுக்கு அருகே உள்ள அருகம்பேயில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவம். தென்மேற்கில் வெலிகம, ஹிக்கடுவ பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. செராத்திங்கில் அலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் அருகம்பே களைகட்டுகிறது என்பது நம்மவர்களுக்கு வசதி.

தமிழ்நாட்டில் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கோவளம், மீனவ இளைஞர்களே அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கும் ஊராக வளர்ந்திருக்கிறது. அந்த மாற்றத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் மீனவர் மூர்த்தி மேகவன். 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மகாபலிபுரத்தில் நடந்தது. அதில் இந்தியாவின் ரமேஷ் புடிஹால் ஆடவர் பிரிவில் வெண்கலம் வென்றார். அங்கே கடலில் நிற்பவர்களைக் கவனியுங்கள், வெட்சூட் அரிதாகத்தான் கண்ணில் படும்.

டிசம்பரில் மெல்பர்ன் வெயில், கடல் ஏன் இன்னும் குளிர்?

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். தண்ணீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். அதனால் கடலின் பருவம் நிலத்தின் பருவத்துக்கு ஒன்று, இரண்டு மாதம் பின்னால் வருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் கோடை உச்சம் ஜனவரியில், கடல் மிகவும் வெதுவெதுப்பாக இருப்பது பிப்ரவரி, மார்ச்சில். குளிர்காலம் ஜூலை, கடல் மிகக் குளிர்ந்திருப்பது ஆகஸ்ட், செப்டம்பர்.

பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தில் சேருபவர் மெல்பர்ன் கடலை அதன் நல்ல நேரத்தில் பார்க்கிறார், 3/2 போதும். ஜூலையில் சேருபவர் செப்டம்பரில் "வெயில் அடிக்கிறதே" என்று இறங்கினால் தண்ணீர் 13, 14 டிகிரி. அதற்குக் குறைந்தது 4/3 வேண்டும்.

சராசரியை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. ஜாவா, பாலியின் தெற்குக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேல்நீரைக் கரையில் இருந்து வெளியே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்தில் இருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. எனவே பாலியில் சில நாள் எதிர்பாராமல் குளிரும். மெல்லிய மேலாடை ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

குளிர்நீரில் முதல் நிமிடம்

15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று குதித்தால், உடல் தானாகவே பெருமூச்சு இழுக்கும். மூச்சு வேகமாகும், இதயத் துடிப்பு எகிறும். இதற்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். அந்த முதல் மூச்சின்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் நீர் நுரையீரலுக்குள் போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட இதில் உயிரிழக்கலாம். சரியான வெட்சூட் அந்த அதிர்ச்சியைக் குறைக்கும். அதைப் போட்டுக்கொண்டாலும் மெதுவாக, கால், இடுப்பு, மார்பு என்று படிப்படியாக இறங்குங்கள். மூச்சு சீராகும் வரை பலகையைப் பிடித்துக்கொண்டு மிதங்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதல் பயணத்துக்கு வாடகையே போதும். குளிர்ந்த ஊர்களின் சர்ஃப் பள்ளிகளில் பலகையோடு வெட்சூட்டும் பெரும்பாலும் கிடைக்கும். வாங்குவதானால் அந்த ஊரில் வாங்குவது நல்லது. அங்கத்திய கடலுக்கு எது சரி என்று அந்தக் கடைக்காரருக்குத்தான் தெரியும்.

போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். கழுத்து, அக்குள், முதுகின் கீழ்ப்பகுதி மூன்றையும் சோதியுங்கள். அங்கே துணி மடிந்து நின்றால் குளிர்ந்த நீர் உள்ளே வந்து வந்து போகும், பிறகு எத்தனை மில்லிமீட்டர் இருந்தும் பயனில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கி, துடுப்புப் போடுவது போல் சுழற்றிப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது இறுக்கமாக இருப்பதுதான் சரி, மூச்சு முட்டக் கூடாது. பிள்ளைகளுக்கு, "வளர்ந்தாலும் போடலாம்" என்று பெரிய அளவு எடுப்பது பள்ளிச் சீருடைக்குச் சரி, வெட்சூட்டுக்குச் சரியில்லை.

ஊருக்குக் கொண்டுவந்தால் கேஎல் புழுக்கம்தான் அதற்கு எதிரி. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, நிழலில் காய வையுங்கள். வெந்நீர், சலவை இயந்திரம், நேரடி வெயில் மூன்றும் ரப்பரைக் கெடுக்கும். காண்டோ அலமாரிக்குள் ஈரமாக மடித்து வைத்தால் பூஞ்சைதான் மிஞ்சும்.

உண்மையான ஆபத்து: இழுநீரோட்டம்

மலேசியாவில் கடல் குளிரால் யாரும் சாவதில்லை. ஆளை இழுத்துப்போவது நீரோட்டம். கரைக்கு வந்த அலைகளின் தண்ணீர் திரும்பிப் போகும்போது ஒரு குறுகலான பாதையைப் பிடித்துக் கடலை நோக்கி ஓடும். சுற்றிலும் அலை வெள்ளையாக உடைய, நடுவே ஓர் இடம் மட்டும் அமைதியாக, மணல் கலங்கித் தெரிந்தால் அதுதான் இழுநீரோட்டம். நீந்தத் தெரியாதவர்கள் "இங்கே அலை இல்லை" என்று குளிக்கத் தேர்ந்தெடுப்பதும் அதே இடத்தைத்தான்.

சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். எவ்வளவு பலசாலியானாலும் களைத்துப் போவீர்கள். மிதந்துகொண்டே கையை உயர்த்திக் காட்டுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்ததும் கரைக்குத் திரும்புங்கள். பலகை இருந்தால் அதை விடவே விடாதீர்கள். காலில் கட்டும் கயிறு இதற்காகத்தான். மற்றவர் சிக்கியதைப் பார்த்தால் பின்னாலேயே குதிக்காமல், மிதக்கும் பொருள் எதையாவது வீசி, உயிர்காப்பாளரையும் 999-ஐயும் அழையுங்கள்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் எச்சரிக்கையைப் படிக்கவும் பழகுங்கள். அதன் முதல் நிலையே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்றையும் 3.5 மீட்டர் வரை எழும் அலையையும் குறிக்கிறது. சிறு படகுகளுக்கும் கடல் விளையாட்டுகளுக்கும் ஆபத்து என்பது அதன் பொருள். பழகுபவருக்கு வேண்டியது முழங்காலில் இருந்து இடுப்பு வரையிலான அலை மட்டுமே. முதல் நிலை எச்சரிக்கை வந்தாலும் சரி, கரையில் சிவப்புக் கொடி பறந்தாலும் சரி, அன்றைக்குக் கரையிலேயே இருங்கள். கேஎல்லில் இருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பது இறங்குவதற்குக் காரணம் ஆகாது.

ஒரு டிகிரி பெரிய விஷயமா?

சர்ஃபருக்கு 29-க்கும் 30-க்கும் வித்தியாசம் தெரியாது. பவளப்பாறைக்குத் தெரியும். வழக்கமான கோடை உச்சத்தைவிடக் கடல் ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தாலே, பவளங்கள் தங்களுக்கு உணவும் நிறமும் தரும் பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010-ல் இப்படி வெளுத்ததால் தியோமான், ரெடாங் தீவுகளின் சில முக்குளிப்பு இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. வெயிலுக்குத் துணியால் மூடிக்கொள்வது, கடலில் கரையும் சன்ஸ்கிரீனின் அளவைக் குறைக்கவும் உதவும்.

கிளம்பும் முன் 5 கேள்விகள்

1. போகும் ஊரில், போகும் மாதத்தில் கடலின் வெப்பநிலை என்ன? காற்றின் வெப்பநிலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.
2. அதற்கேற்ற உடை இருக்கிறதா? மலேசியா என்றால் ரேஷ் வெஸ்ட் எடுத்தாயிற்றா?
3. இன்றைய கடல் எச்சரிக்கையைப் பார்த்தீர்களா?
4. பலகை இல்லாமல் கரை சேரும் அளவுக்கு நீந்தத் தெரியுமா? தெரியாது என்றால் முதல் செலவு நீச்சல் வகுப்புக்கு, சர்ஃப் பொருள்களுக்கு அல்ல.
5. எங்கே இறங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் உள்ள ஒருவருக்குத் தெரியுமா?

ஐந்துக்கும் பதில் இருந்தால் கிளம்பலாம்.